பால் பைத்தான் டேங்குக்குப் பாறை பேக்ரவுண்ட்: எதைப் போடலாம், எது ஆகாது?

பாறைக்குன்று (கிருஷ்ணகிரி)

எல்லாருக்கும் வணக்கம். 4 அடி நீளம், 2 அடி ஆழம், 2 அடி உயரத்தில் கண்ணாடி டேங்க் ஒன்று தயாராக இருக்கு. முன்பக்கம் தள்ளுகதவு. உள்ளே வரப்போவது பால் பைத்தான் (பந்து மாதிரி சுருண்டுகொள்ளும் சின்ன வகை மலைப்பாம்பு). பின்சுவரை நம்ம பக்கத்துக் கரடு மாதிரி, பாம்பு ஏறிப் படுக்க ரெண்டு திட்டு வைத்து, கையாலேயே செய்யலாம்னு இருக்கேன்.

இதுவரை சேர்த்து வைத்திருப்பவை: 2 இன்ச் தெர்மாகோல் ஷீட், மொட்டை மாடி வெப்பத் தடுப்புக்குப் போடும் நீல நிற எக்ஸ்பிஎஸ் பலகை, கதவு நிலைக்கு அடிக்கும் பியூ (பாலியூரித்தேன்) ஃபோம் கேன், டைல்ஸ் சந்தை அடைக்கும் சிமென்ட் கிரௌட், பாத்ரூம் வேலையில் மிச்சமான சிலிகான் (டியூபில் 'ஆன்ட்டி ஃபங்கல்' என்று இருக்கு), ஃபெவிகால் எஸ்ஆர், ரெட் ஆக்சைடு டப்பா, தேங்காய் நார்த்தூள், கிரானைட் பாலிஷ் பட்டறையில் அள்ளின தூள், கொஞ்சம் புளிய மரக் கிளை, தைல மரப் பட்டை.

இதில் எது பாம்புக்கு ஆகாது, ஏன் ஆகாது? கிரௌட் எத்தனை கிலோ பிடிக்கும்? வேலை முடிந்து எத்தனை நாளில் பாம்பை விடலாம்? மூடின பெட்டிக்குள் 32 டிகிரி சூட்டில், 60 சதவீத ஈரப்பதத்தில், இருபது வருஷம் மூச்சு விடப்போகிற உயிர். அதனால் "ஒண்ணும் ஆகாது, போடுங்க" என்பதை விட, காரணத்தோடு சொன்னால் பெரிய உதவி.

---

ஓசூர்_ஊர்வன

முதல் விஷயம்: பேக்ரவுண்டை நேராகக் கண்ணாடி மேல் கட்டாதீங்க. தனிப் பலகையாக வெளியே செய்து, கழுவி, வாசனை முழுக்கப் போன பிறகு உள்ளே பொருத்துங்க. டேங்குக்குள்ளேயே பூசினால் சிமென்ட்டின் காரத்தைக் கழுவி எடுக்க வழியில்லை. தப்பு வந்தால் திருத்தவும் முடியாது.

தள்ளுகதவு டேங்க் என்பதால் 4 அடிப் பலகை வாசல் வழியாகச் சாய்ந்து நுழையாது. மூணு துண்டாக வெட்டுங்க. இணைப்பு வரும் இடத்தில் ஒரு பாறை விளிம்பு வருகிற மாதிரி செதுக்கினால் கோடு தெரியாது. உள் அளவை விட ஒவ்வொரு பக்கமும் 4 மி.மீ. குறைத்து வெட்டணும். கிரௌட் ஏறும்போது ஓரங்கள் தடிக்கும். சரி அளவுக்கு வெட்டினவர்கள் கடைசியில் பூச்சை உடைத்துத்தான் உள்ளே நுழைக்கிறாங்க.

தெர்மாகோலும் எக்ஸ்பிஎஸ்ஸும் ரெண்டுமே பாலிஸ்டைரீன்தான். முழுக்க மூடப்பட்டால் பாம்புக்குக் கெடுதல் இல்லை. ஆனால் தெர்மாகோலைச் செதுக்கும்போது முத்து முத்தாக உதிரும், அறை முழுக்க ஒட்டும். எக்ஸ்பிஎஸ் சீராக வெட்டுப்படும், தண்ணீரும் குடிக்காது. அடிப்பலகைக்கு எக்ஸ்பிஎஸ், மேலே புடைப்புக்குத் தெர்மாகோல் என்று பிரித்துக்கொள்ளுங்க. எதுவானாலும் புதுசாக வாங்குங்க. பூ ஏற்றுமதிக்கும் மீனுக்கும் போன பெட்டிகள் ஓசூர்ப் பக்கம் மலிவாகக் கிடைக்கும். அதில் என்ன மருந்து தெளித்த பூ இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. சூடான கம்பியால் வெட்டுவதானால் மாடியில் வைத்து வெட்டுங்க. அந்தப் புகையில் ஸ்டைரீன் இருக்கு, அது உங்க நுரையீரலுக்குத்தான் முதலில் கேடு.

ஃபெவிகால் எஸ்ஆரைத் திரும்ப அலமாரியில் வையுங்க. அதிலுள்ள கரைப்பான் தெர்மாகோலை அப்படியே உருக்கிக் குழியாக்கும். மிச்சக் கரைப்பான் உள்ளே மாட்டிக்கொண்டு மாதக்கணக்கில் வாசம் விடும். ஸ்ப்ரே பெயின்டும் இதே கதைதான். வெள்ளை ஃபெவிகால் தெர்மாகோலை உருக்காது, ஆனால் 60 சதவீத ஈரத்தில் நாளாக நாளாக இளகும். துண்டோடு துண்டு ஒட்ட பியூ ஃபோமே போதும், கூட மூங்கில் குச்சியை ஆணி மாதிரி சொருகுங்க. இரும்பு ஆணியும் ஸ்க்ரூவும் வேண்டாம். துரு பிடித்துப் பூச்சைப் பிளக்கும், முனை வெளியே வந்தால் செதில் கிழியும்.

பியூ ஃபோம் அடிக்கும்போது கையுறை கட்டாயம். ஈரமாக இருக்கும்வரை அதில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கு. மூச்சுக்கும் தோலுக்கும் ஆகாது. காற்று ஈரத்தில் இறுகின பிறகு அது செயலற்றது. 3 செ.மீ.க்கு மேல் தடிமனாக ஒரே தடவையில் அடித்தால் வெளியே தோல் கட்டி, உள்ளே ஈரமாகவே நிற்கும். ஒரு வாரம் கழித்துச் செதுக்கும்போது பிசுபிசுவென்று வரும். மெல்லிய அடுக்கு, மேலே லேசாகத் தண்ணீர்த் தூவல், நாலு மணி நேரம் விட்டு அடுத்த அடுக்கு. கடைசி அடுக்குக்குப் பிறகு ரெண்டு நாள் விடுங்க. ஃபோம் நிறைய விரியும். கண்ணாடிக்கும் பலகைக்கும் நடுவில் அடைத்து அடித்தால் கண்ணாடி விரிசல் விடுவதும் உண்டு.

திட்டு 18 செ.மீ. ஆழமாவது வேணும். வளர்ந்த பால் பைத்தான் ரெண்டு கிலோ வரை வரும், சுருண்டு ஒரே இடத்தில் படுக்கும். வெறும் ஃபோம் திட்டு கீழே தொங்கிவிடும். திட்டுக்கு அடியில் தூண் மாதிரி ஒரு பாறையைத் தரைவரை இறக்கிவிடுங்க. அந்தத் தூணுக்குப் பின்னால் குகை மாதிரி இடமும் கிடைக்கும். பாம்புக்கு அதுதான் ரொம்பப் பிடிக்கும்.

கிரௌட் கணக்கு: பின்சுவர் 8 சதுர அடி. மேடு பள்ளத்தோடு சேர்த்து 12 சதுர அடி வரும். மூணு பூச்சும் சேர்ந்து 4 மி.மீ. தடிமன் என்றால் 1 கிலோ பாக்கெட் 7 பிடிக்கும். பக்கச் சுவரும் செய்தால் ஒரு சுவருக்குத் தனியாக 4. மணல் கலக்காத சிமென்ட் கிரௌட்தான் வாங்கணும். பாக்கெட்டில் பூஞ்சைத் தடுப்பு என்று விளம்பரம் இருந்தால் அது வேண்டாம். முதல் பூச்சு நீர்மோர் பதத்தில், கிலோவுக்கு 400 மி.லி. தண்ணீர். பிரஷ்ஷால் ஒவ்வொரு சந்திலும் ஏறணும். அடுத்த ரெண்டும் தோசை மாவுப் பதம், 300 மி.லி. போதும். தண்ணீரில் கால் பங்குக்குப் பதிலாகச் சிமென்ட்டுக்கான அக்ரிலிக் லேடெக்ஸ் சேர்த்தால் ஃபோமில் பிடிப்பு நன்றாக வரும்.

---

சுண்ணாம்புக்கல்

மேலே சொன்னதெல்லாம் சரி. நான் சிலிகானும் நிறமும் மட்டும் சொல்றேன். பெரும்பாலும் தவறு நடப்பது இந்த ரெண்டில்தான்.

உங்க பாத்ரூம் சிலிகானை இதில் தொடவே வேண்டாம். கெடுதல் சிலிகான் ரப்பரில் இல்லை. பூஞ்சை வராமல் இருக்க அதில் கலக்கிற மருந்தில்தான் இருக்கு. அந்த மருந்து மெதுவாக வெளியே கசிந்தால்தான் வேலை செய்யும், அப்படித்தான் அதைச் செய்தே இருக்காங்க. டேங்குக்கு நூறு சதவீத சிலிகான், மீன் தொட்டிக்கு உரியது என்று போட்டிருக்கணும். 'கிச்சன் அண்ட் பாத்', 'சானிட்டரி' என்று இருந்தால் தள்ளிவிடுங்க.

நல்ல சிலிகானிலும் ரெண்டு வகை. இறுகும்போது வினிகர் வாசம் வருவது அசிட்டாக்ஸி. கண்ணாடியோடு எக்ஸ்பிஎஸ் ஒட்ட அது போதும். ஆனால் அதைக் கிரௌட் பூசின பரப்பில் ஒட்டாதீங்க. வெளிவரும் அசிட்டிக் அமிலமும் சிமென்ட்டின் காரமும் சேர்ந்து நடுவில் மாவு மாதிரி ஒரு படலம் உண்டாகும், கொஞ்ச நாளில் சுவர் அப்படியே பெயர்ந்து வரும். சிமென்ட் பக்கம் ஒட்டுவதற்கு ரெண்டாவது வகை, அந்த அமிலம் விடாத நியூட்ரல் க்யூர் சிலிகான். பலகையின் முதுகில் கிரௌட் படாமல் விட்டுவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

இன்னொன்று: சிலிகான் காற்றின் ஈரத்தால்தான் இறுகும். பலகை முழுக்க அப்பிக் கண்ணாடியில் அழுத்தினால் ஓரம் மட்டும் இறுகி நடுப்பகுதி வாரக்கணக்கில் ஈரமாகவே நிற்கும். விரல் தடிமனில் மேலிருந்து கீழாகக் கோடு கோடாக, கோட்டுக்குக் கோடு 8 செ.மீ. விட்டு இழுங்க. காற்று உள்ளே போக வழி வேணும். ஒட்டின பிறகு கதவைத் திறந்தே வைத்து 7 நாள், வாசம் இருந்தால் 10 நாள்.

இனி ரெட் ஆக்சைடு. இதைப் பெரிய எழுத்தில் போடணும் போல இருக்கு. கடையில் "ரெட் ஆக்சைடு" என்று கேட்டால் ரெண்டு வேறு பொருள் கிடைக்கும். ஒன்று பழைய வீட்டுத் தரைக்குச் சிமென்ட்டோடு போட்ட சிவப்புப் பொடி. அது இரும்பு ஆக்சைடு, தண்ணீரில் கரையாது, பயமில்லை. மற்றது கிரில் கம்பிக்கு அடிக்கிற ரெட் ஆக்சைடு மெட்டல் பிரைமர். அதில் டர்பன்டைன் வகைக் கரைப்பான் இருக்கும், சில டப்பாக்களில் ஜிங்க் குரோமேட்டும் இருக்கும். அது நஞ்சு. நீங்க 'டப்பா' என்று எழுதியிருப்பதால் கேட்கிறேன்: உள்ளே இருப்பது பொடியா, திரவமா? திரவம் என்றால் வேண்டாம்.

மஞ்சளுக்கும் இதே எச்சரிக்கை. 'யெல்லோ ஆக்சைடு' என்று கேட்டு வாங்குங்க. பளிச்சென்ற எலுமிச்சை மஞ்சள் பொடி குரோம் யெல்லோவாக இருக்கலாம், அது ஈயம். வீட்டு பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் கூடாது என்று 2017 நவம்பரிலிருந்து சட்டம் இருக்கு. ஆனால் அது வீட்டு, அலங்கார பெயின்ட்டுக்கான விதி. சில்லறையாக நிறுத்துத் தரும் பொடிக்கு அதை நம்ப முடியாது.

நம்ம ஊர்க் கரட்டு நிறம் வேணும்னா சாம்பல் கிரௌட்டில் கிலோவுக்குக் கறுப்பு ஆக்சைடு 10 கிராம். மேல் பூச்சில் அங்கங்கே சிவப்பு 15 கிராம், மஞ்சள் 15 கிராம் கலந்து ஸ்பாஞ்சால் ஒற்றி எடுங்க. மொத்தப் பொடி கிலோவுக்கு 50 கிராம் தாண்டினால் பூச்சு வலு இழந்து கையில் ஒட்டும். வெளிச்சுவர் எமல்ஷன் வேண்டாம். மழைக்கும் பாசிக்கும் தாங்க அதில் பூஞ்சைக்கொல்லி கலந்திருக்கும்.

---

தகடூர்_தோட்டம் (தருமபுரி)

இயற்கைப் பொருள் என்றால் தானாகவே பாதுகாப்பு என்று ஒரு நம்பிக்கை இருக்குங்க. அரளியும் இயற்கைதான். அரளி, எருக்கு, கள்ளி எதன் குச்சியும் உள்ளே போகக்கூடாது.

புளியங்கிளை நல்ல தேர்வு. கறிக்கடையில் வெட்டும் அடிக்கட்டையே புளிதான், கனமும் உறுதியும் உண்டு, சீக்கிரம் உளுக்காது. பட்டையை உரித்து, கொதிநீரில் அரை மணி நேரம் போட்டு, ஒரு வாரம் வெயிலில் காயவையுங்க. தைல மரப் பட்டையை விட்டுவிடுங்க. அந்த வாசம் என்பதே ஆவியாகும் எண்ணெய்தான். சூடான மூடின பெட்டியில் பாம்பு அதைச் சுவாசித்துக்கொண்டே இருக்கும். தேவதாரு, பைன் சீவலையும் இதே காரணத்துக்காகத்தான் ஒதுக்குகிறோம். மாங்கிளையும் சிலர் கேட்பாங்க. பால் தோலை அரிக்கும், ஈரத்தில் சீக்கிரம் பூஞ்சை கட்டும், வேண்டாம்.

நார்த்தூள் உங்க கிருஷ்ணகிரிப் பக்கமே கிடைக்கும். ஆனால் மட்டையில் உப்பு உண்டு. அழுத்தின நார்த்தூள் கட்டி வாங்கும்போது 'வாஷ்டு, லோ ஈசி' (கழுவினது, உப்பு குறைந்தது) என்று கேளுங்க. ஏற்றுமதிக்குப் போகும் 'பஃபர்டு' வகையில் கால்சியம் நைட்ரேட் போட்டு ஊறவைத்திருப்பாங்க, அதையும் அலசணும். மூணு தடவை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, சல்லடையில் நீளமான நாரைப் பிரித்து, வறட்டுப் பதத்துக்குக் காயவைக்கணும். ஈரத்தோடு ஈரச் சிலிகானில் அழுத்தினால் பிடிக்காமல் உதிரும். பால் பைத்தானுக்கு முழுச் சுவரையும் நார்த்தூளால் போர்த்த வேண்டாம் என்பது என் கருத்து. தேய்த்துத் தேய்த்துப் போகும் உடம்பு, தூள் உதிர்ந்து தண்ணீர்க் கிண்ணத்தில் விழும். பாறை இடுக்குகளில் மட்டும் பூசினால் மண் படிந்த மாதிரி அழகாக இருக்கும்.

பாலிஷ் பட்டறைத் தூளைக் கொட்டிவிடுங்க. அது வெறும் கல்தூள் இல்லை. அறுக்கும் எஃகுத் துகள், கல்லில் ஏற்றின ரெசின், பாலிஷ் மருந்து எல்லாம் அதில் சேர்ந்திருக்கும். உலர்ந்த நிலையில் அந்தச் சிலிக்கா தூசி உங்க நெஞ்சுக்கும் ஆகாது. சொரசொரப்பு வேணும்னா எம்-சாண்டை நாலு தண்ணீர் கழுவி, கடைசிப் பூச்சு ஈரமாக இருக்கும்போது தூவுங்க. நிஜக் கல்லை ஒட்டும் ஆசையும் வேண்டாம். 20 மி.மீ. கிரானைட் ஒரு சதுர அடி 5 கிலோ. ஒட்டு விட்டால் கீழே இருப்பது பாம்பு.

---

பாறைக்குன்று (கிருஷ்ணகிரி)

டப்பாவில் இருப்பது திரவம்தான், பிரைமர். சொன்னதற்கு ரொம்ப நன்றி. பொடி வாங்கியாச்சு.

ஒரு சதுர அடி மாதிரித் துண்டு செய்து பார்த்தேன். எக்ஸ்பிஎஸ் மேல் மூணு பூச்சு, மூணும் ஒரே நாளில், மாடி வெயிலில். மறுநாள் காய்ந்துவிட்டது. விரலால் தேய்த்தால் மாவு வருது, மயிரிழை விரிசல், ஒரு மூலை தகடாகப் பெயருது. போர் தண்ணீர் தெளித்ததில் வெள்ளையாகப் பூத்திருக்கு. பிஎச் ஸ்ட்ரிப் (காரம் அளக்கும் தாள்) ஈரத்தில் வைத்தால் 12 காட்டுது.

---

ஓசூர்_ஊர்வன

மாதிரித் துண்டு செய்தது ரொம்ப நல்ல காரியம். அத்தனைக்கும் காரணம் ஒன்றுதான்: அது காய்ந்தது, இறுகவில்லை. சிமென்ட் தண்ணீரோடு சேர்ந்துதான் கெட்டியாகும். வெயில் அந்தத் தண்ணீரை முதல் மணி நேரத்திலேயே உறிஞ்சிவிட்டது. நிழலில் செய்யுங்க. ஒரு பூச்சுக்கும் அடுத்ததற்கும் 24 மணி நேரம். நடுவில் மூணு நாலு தடவை தண்ணீர்த் தூவல். கடைசிப் பூச்சுக்குப் பிறகு ஈரச் சாக்கு போட்டு 7 நாள், புது வீட்டுத் தளத்துக்குச் செய்கிற அதே பக்குவம்.

தகடாகப் பெயர்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எக்ஸ்பிஎஸ் பலகையின் மேல்தோல் வழவழப்பு. கம்பி பிரஷ்ஷால் முழுக்கக் கீறிவிட்டுத்தான் முதல் பூச்சு போடணும்.

வெள்ளைப் பூப்பு பாதி சிமென்ட்டின் சுண்ணாம்பு, பாதி போர் தண்ணீரின் உப்பு. நம்ம ரெண்டு மாவட்டத்திலும் போர் தண்ணீரைத் தெளித்தால் எந்தக் கறுப்புப் பாறையும் ஒரு மாதத்தில் வெளுத்துவிடும். கலக்க, கழுவ ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் வந்தால் அதைப் பிடித்து வையுங்க. பின்னாளில் ஈரப்பதத்துக்குத் தெளிக்க ஆர்ஓ தண்ணீர்.

பிஎச் இறக்க: 7 நாள் ஈரம் முடிந்ததும் பலகையைச் சாய்த்து வைத்துத் தினமும் குழாயில் அலசுங்க. பலகை மிதக்கும், தொட்டியில் முக்கி வைப்பது நடக்காது. மூணாம் நாள் ஒரு பங்கு வெள்ளை வினிகர், பத்துப் பங்கு தண்ணீர் கலந்து பிரஷ்ஷால் தடவி அலசுங்க. பிறகு ஈரத் துணியை ஒரு மணி நேரம் சுவரில் ஒட்டி வைத்து, அந்தத் துணியில் ஸ்ட்ரிப்பை வையுங்க. 8.5-க்குக் கீழ் வரும்வரை அலசணும். ஒரு வாரமும் ஆகலாம், ரெண்டு வாரமும் ஆகலாம்.

அதற்குப் பிறகு முழுக்கக் காயவிட்டு, தண்ணீரில் கரையும் வகை பாலியூரித்தேன் வார்னிஷ், மேட், ரெண்டு கோட்டிங். இதைத் தவிர்க்காதீங்க. பூசாத கிரௌட் எச்சத்தையும் சிறுநீர்க் கட்டியையும் உறிஞ்சிக்கொள்ளும், எவ்வளவு தேய்த்தாலும் போகாது. காரம் இறங்குமுன் அடித்தால் வார்னிஷ் திட்டுத் திட்டாக வெளுக்கும். தொட்டால் ஒட்டாமல் இருக்க ரெண்டு மணி நேரம் போதும், முழுக்க இறுக மூணு வாரம். எல்லாம் சேர்த்து இன்றிலிருந்து ஏழெட்டு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்க. அதுவரை பாம்பு இருக்கிற பெட்டியிலேயே இருக்கட்டும்.

முடிவான சோதனை ஒன்று: எல்லாப் பூச்சும் முடிந்த மாதிரித் துண்டைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஒரு பகல் வெயிலில் வைத்து, திறந்து முகருங்க. உங்களுக்கு நெடி தெரிந்தால் இன்னும் நாள் ஆகணும்.

---

கண்காணிப்பாளர்

ரெண்டு விஷயம் விடுபட்டிருக்கு.

சூடு. செராமிக் ஹீட்டரின் மேற்பரப்பு 200 டிகிரியைத் தாண்டும். பாலிஸ்டைரீன் 80 டிகிரியிலேயே இளகத் தொடங்கும், தீயும் பிடிக்கும். ஹீட்டருக்குக் கம்பிக்கூண்டு, தெர்மோஸ்டாட் ரெண்டும் கட்டாயம். சுவர், திட்டு எதுவும் அதிலிருந்து 30 செ.மீ.க்குள் வரக்கூடாது. ரெண்டு மணி நேரம் ஓடின பிறகு இன்ஃப்ராரெட் கன்னால் (தொடாமலே சூடு அளக்கும் கருவி) அருகிலுள்ள பாறையைப் பாருங்க. 45 டிகிரிக்கு மேல் காட்டினால் ஹீட்டரைத் தள்ளுங்க. ஹீட் மேட்டைப் பேக்ரவுண்டுக்குப் பின்னால் ஒட்டாதீங்க. ஃபோம் சூட்டை வெளியே விடாது, கண்ணாடி வெடிக்கும். இந்தச் சுவர் போட்டதும் டேங்க் முன்னை விடச் சூட்டைப் பிடித்து வைக்கும். ஓசூர் மார்கழி இரவுக்கு அது நல்லது. தருமபுரியில் சித்திரையில் குளிர்ந்த பக்கம் 27 டிகிரி தாண்டாமல் இருக்கா என்று பார்த்துத் தெர்மோஸ்டாட்டைத் திரும்ப அமைக்கணும். காற்றுத் துவாரத்தைப் பாறை அடைத்துவிடாமல் பாருங்க.

சந்து. பாம்பு தலை நுழையும் இடத்தில் உடம்பையும் நுழைக்கப் பார்க்கும், சுவருக்குப் பின்னால் மாட்டினால் உடைத்துத்தான் எடுக்கணும். ஓரங்கள் எல்லாவற்றையும் சிலிகானால் அடைத்து, அதன் மேல் நிறக் கிரௌட் பொடியைத் தூவி மறையுங்க. உள்ளங்கையால் சுவர் முழுக்கத் தடவுங்க. உங்க கையைக் கீறும் முனை தோலுரிக்கும் பாம்பையும் கீறும். உப்புத்தாளால் தேய்த்து மறுபடி வார்னிஷ் தொடுங்க. அதன்பின் மாதம் ஒருமுறை விரிசல், தொங்கல், உதிர்வு இருக்கா என்று பார்த்தால் போதும்.

படிக்கிற மற்றவர்களுக்கு: பால் பைத்தான், சைட்டிஸ் என்ற சர்வதேச வனஉயிரின வணிக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியல் உயிரினம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தம், 2024 விதிகள் ஆகியவற்றின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்திருக்கணும். நம்ம காட்டு மலைப்பாம்பு, உடும்பு, நட்சத்திர ஆமை எதையும் வீட்டில் வைப்பது குற்றம். அவற்றுக்கான டேங்க் கேள்விகள் இங்கே ஏற்கப்படாது.

---

பாறைக்குன்று (கிருஷ்ணகிரி)

பதிவுச் சான்று கையில் இருக்குங்க. ரெண்டாவது மாதிரித் துண்டு நிழலில், சாக்குக்கு அடியில், அஞ்சாம் நாள். தேய்த்தால் மாவு வரலை. பிஎச் இறங்கினதும் எத்தனை நாள் ஆச்சுன்னு இங்கேயே எழுதறேன்.